பாரட்ஸ் பிரைவேட்டியர்ஸ்

பாரட்ஸ் பிரைவேட்டியர்ஸ் என்பது கனடாவில் பரவலாக அறியப்பட்ட ஒரு கடற்பாடல் ஆகும். இதனைப் பழைய மாலுமிகளின் நாட்டார் பாடல் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இது ஒன்டாரியோ மாகாணத்தின் ஹமில்டன் நகரில் பிறந்த ஸ்டான் ரொஜர்ஸ் (1949–1983) என்பவரால் 1976 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஃபோகார்ட்டிஸ் கோவ் என்னும் அவரது முதல் இசைத்தொகுப்பில் இது இடம்பெற்றது.

கதை

பாடலின் கதை 1778 இல், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. எல்சிட் பாரட் என்னும் கற்பனைத் தலைவன், அமெரிக்கக் கப்பல்களைக் கைப்பற்ற மன்னரின் அனுமதிப் பத்திரம் பெற்று, நோவா ஸ்கோசியாவில் இருபது மீனவர்களைத் திரட்டுகிறான். சண்டையின்றியே பொன் கிடைக்கும் என்பது அவனது வாக்குறுதி. ஆனால் அன்டிலோப் என்னும் அக்கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது, பாய்கள் கந்தலானவை, பீரங்கிகளோ வெடிப்பு விழுந்தவை. உள்ளே புகும் நீரை இறைத்தபடியே அவர்கள் ஜமேக்காவை அடைகின்றனர். பின்னர் எதிர்ப்பட்ட அமெரிக்கக் கப்பல் ஒரே குண்டில் அன்டிலோப்பைத் தகர்க்கிறது. பாரட் மாள்கிறான். கதைசொல்லி இரு கால்களையும் இழந்து, ஆறு ஆண்டுகளின் பின் ஹலிபாக்ஸ் திரும்புகிறான். அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று. கணக்கிட்டால் அது 1784. போரோ 1783 இலேயே பாரிஸ் உடன்படிக்கையுடன் முடிந்துவிட்டது. பாடல் இதை வெளிப்படையாகக் கூறுவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

அரச அனுமதியுடன் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைக் கைப்பற்றும் தனியார் கப்பல்களும் அவற்றின் மாலுமிகளுமே பிரைவேட்டியர் எனப்பட்டனர். பத்திரம் இருந்தால் அது போர், இல்லையெனில் கடற்கொள்ளை. கைப்பற்றிய பொருளே இவர்களின் வருவாய் என்பதால், வறிய மீனவர்களுக்கு இது பெரும் ஆசையைக் காட்டியது. இம்முறை 1856 ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனத்தால் கைவிடப்பட்டது. அமெரிக்கத் தரப்பினரும் இதே தொழிலைச் செய்தனர். 1782 இல் நோவா ஸ்கோசியாவின் லூனன்பர்க் நகரை அவர்கள் சூறையாடினர்.

பாடலில் ஒரு காலவழுவும் உண்டு. மீனவர்கள் விட்டுச்சென்ற ஊராகக் குறிப்பிடப்படும் ஷெர்புரூக், 1811 இல் நோவா ஸ்கோசியாவின் துணை ஆளுநரான ஜோன் ஷெர்புரூக்கின் பெயரால் அழைக்கப்படுவது. 1778 இல் அப்பெயர் இருந்திருக்க இயலாது.

பாடும் முறை

பாடல் பொதுவாக இசைக்கருவிகள் இன்றியே பாடப்படுகிறது. ஒருவர் கதையைப் பாட, மற்றவர்கள் இடையிடையே சேர்ந்து குரல் கொடுப்பர். பாய்மரக் கப்பல்களின் வேலைப்பாடல்களை ஒத்த இவ்வமைப்பும், கதைசொல்லியின் தன்மைக் கூற்றும் இதற்குப் பழம்பாடலின் தோற்றத்தைத் தருகின்றன. கனடாவின் அத்திலாந்திக் மாகாணங்களில் உள்ள மதுச்சாலைகளில் இன்றும் கூட்டமாக இதனைப் பாடுவர்.

ரொஜர்ஸ் 1983 சூன் 2 அன்று, எயார் கனடா விமானம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், தமது 33 ஆவது வயதில் காலமானார்.