உங்களுக்குத் தெரியுமா? பின்வாங்குவதற்கும் இலக்கணம் உண்டு!

போரில் முன்னேறுவதைவிட, எதிரி துரத்தும்போது ஒழுங்கு குலையாமல் பின்வாங்குவது கடினம். இன்றைய காலாட்படை இதை முறையாகப் பழகுகிறது: ஒரு பிரிவு நின்று சுட்டுத் தடுக்க, மற்றது நகர்ந்து அடுத்த மேட்டில் நிலைகொள்ளும், பிறகு முன்னது நகரும்.

இதே சிக்கலைத் தொல்காப்பியம், ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் திணையில் பேசுகிறது. ஆநிரையைக் கவர்வது பாதி வேலைதான். மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும்போதுதான் ஆபத்து, ஏனெனில் மந்தையாக ஓட்டப்படும் மாடுகள் மெதுவாகவே நகரும். மீட்க வரும் கரந்தையாரைப் பின்னால் நின்று தடுப்பது ‘பூசன்மாற்று’. மாடுகளை நோகாமல் நடத்திச் செல்வது ‘நோயின்றுய்த்தல்’. தடுப்போர், நடத்துவோர் என்ற இந்த வேலைப் பிரிவினை வியப்பூட்டுகிறது.

ஆநிரையைக் கவரும் ‘ஆகோள்’ வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில் இறந்த அந்துவன் என்ற வீரனுக்கு எடுக்கப்பட்டது. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையிலும் 2012இல் தமிழ்ப் பிராமி நடுகல் ஒன்று கிடைத்தது. நடுகல் இல்லையென்றாலும், சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் இருப்பதும் இதே எழுத்துதான்.

ஓவியம் பார்க்கச் சித்தன்னவாசல் போகிறவர்கள் குன்றேறி அந்த எழுத்தையும் பாருங்கள். வழியில் வயலோரம் எழுத்துள்ள கல் தென்பட்டால் நகர்த்தாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.