உப்பு இல்லாமல் தண்ணீர் தங்காது

வளர்ந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். பெண்களுக்குச் சற்றுக் குறைவு; பிறந்த குழந்தைக்கோ 75 சதவீதம் வரை. இதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி செல்களைச் சுற்றியும் ரத்தத்திலும். இரண்டு இடத்திலும் இருப்பது உப்புத் தண்ணீர்தான். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லின் சவ்விலுள்ள நுண்ணிய பம்புகள் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த ஏற்றத்தாழ்வை இரவும் பகலும் காக்கின்றன. நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் துடிப்பதும் அதனால்தான். நீரில் கரைந்து மின்னூட்டம் பெறும் இத்தகைய உப்புகளே எலக்ட்ரோலைட்டுகள்.

உப்புச் செறிவு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். வெயிலில் வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீரே அதிகம் போகிறது. ரத்தத்தில் உப்புச் செறிவு ஏறுகிறது. மூளை அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகத்துக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாவது இதனால்தான். முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுவதால், கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுப்பது நல்லது.

வயிற்றுப்போக்கிலோ தண்ணீரோடு உப்பும் கொட்டிப்போகிறது. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அளவு வெகுவாக இறங்கினால், தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை. குழப்பம், வலிப்பு வரும். மாரத்தான் ஓட்டத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கான விடை பெரிய அளவில் நிரூபணமானது 1971-இல், மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில். வங்கதேசப் போரில் தப்பி வந்தவர்களிடையே காலரா பரவியது. ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

அதில் சர்க்கரை எதற்கு? சுவைக்காகவும் அல்ல, தெம்புக்காகவும் அல்ல. சிறுகுடல் சுவரில் சோடியமும் குளூக்கோஸும் சேர்ந்து நுழையும் வாசல் ஒன்று உண்டு. காலரா நஞ்சு அந்த வாசலை அடைப்பதில்லை. இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ஆனால் சர்க்கரை மிகுந்தால் கதை தலைகீழ்: அது உடலின் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். குளிர்பானமும் பெட்டிப் பழச்சாறும் வயிற்றுப்போக்குக்கு ஆகாதவை என்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொடியில் லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உண்டு. பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். அதன் மாவுச்சத்து குடலில் குளூக்கோஸாக உடைகிறது. பாட்டிமார் கைவைத்தியம் இங்கே சரியாகவே இருந்தது. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம், எனவே ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு அது ஈடாகாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கவே கூடாது.

குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சோர்ந்து கிடந்தாலோ குடிக்கவே முடியாமல் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.