பயிற்சிப் பிள்ளைகளின் டிப்ஸ் கணக்கு

சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெங்களூரு, சென்னை வண்டிகள்தான். மேலே இருக்கும் விடுதிகளில் பரிமாறுவதும், படுக்கை விரிப்பு மாற்றுவதும், பெட்டி தூக்குவதுமாக ஓடுகிறவர்களில் கேட்டரிங் படிப்பின் பயிற்சிக்காக வந்த பிள்ளைகளும் உண்டு. சாப்பிட்டு எழுந்தவர் பில் அட்டைக்குள் 50 ரூபாயை வைத்துவிட்டுப் போவார். சிலர், "உன் நம்பர் சொல்லும்மா" என்று கேட்டு செல்போனிலேயே அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பணம் யார் கணக்கில் வரும்? 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, அதன்கீழ் பயிற்சி பெறுகிறவர் தொழிலாளி அல்ல, பி.எஃப். கிடையாது. படிப்பின் பகுதியாக வருகிற மாணவருக்குப் பெரும்பாலும் சம்பளச் சீட்டே இருக்காது. ‘வேலையிலேயே இல்லாத எனக்கு வருமானக் கணக்கு எதற்கு?’ என்று பிள்ளைகள் நினைப்பதில் தப்பில்லை. ஆனால், வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஐ.டி.சி. நிறுவன வழக்கில் 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாடிக்கையாளர் கார்டில் சேர்த்துக் கொடுத்த டிப்ஸை ஓட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், அது சம்பளம் ஆகாது. ஓட்டல் அதில் வரி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால், பெற்றவரின் கையில் அது ‘இதர வருமானம்’. இந்தத் தலைப்பில் வருவதற்கு வேலை நியமனம் தேவையில்லை என்பதால், பயிற்சி மாணவருக்கும் இதே கதைதான்.

மனமுவந்து கொடுத்ததும் வருமானமா என்று கேட்கலாம். 1958-லேயே இதற்குப் பதில் வந்துவிட்டது. திருவிதாங்கூரில் போலீஸ் அதிகாரியாக இருந்து, வேதாந்தம் போதித்த கிருஷ்ண மேனனுக்கு லெவி என்ற வெளிநாட்டுச் சீடர் பணம் கொடுத்துவந்தார். குரு கட்டணம் கேட்டதில்லை. ஆனாலும், போதித்ததன் பலனாக வந்த பணம் அது. ஆகவே வருமானமே என்றது உச்ச நீதிமன்றம்.

‘பழங்குடியினருக்கு வரியே இல்லை’ என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த விலக்கு நாகாலாந்து, மிசோரம் போன்ற வடகிழக்குப் பகுதிகளுக்கும் லடாக்குக்கும்தான். ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்தோ நெல்லிவாசலிலிருந்தோ வருகிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குப் பொருந்தாது. அப்பா விளைவிக்கிற சாமைக்கு வரி இல்லை; மகள் வாங்குகிற டிப்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை, 6,000 ரூபாய் டிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தாலும் வருஷத்துக்கு 1,80,000 ரூபாய்தான். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே இல்லை. வேறு வருமானமும் இல்லையென்றால், பொதுவாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தாக வேண்டும். அப்போதும் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி கட்ட வேண்டியிராது.

எனக்குக் கவலை தருவது வேறு. செல்போனில் வருகிற டிப்ஸ் பல இடங்களில் ஒரே ஒருவரின் நம்பருக்குத்தான் வருகிறது. அந்த நம்பர் பயிற்சிக்கு வந்த பிள்ளையுடையதாக இருந்தால், கேப்டன், சமையல்கட்டு, பாத்திரம் கழுவுகிற அம்மா என எல்லோருடைய பங்கும் அவள் வங்கிக் கணக்கில் விழுகிறது. ராத்திரி நோட்டாக எடுத்துப் பிரித்துக் கொடுத்துவிடுகிறாள். வங்கி ஏட்டிலோ வந்தது முழுக்க அவள் பெயரில் நிற்கிறது. போனதற்குச் சாட்சி இல்லை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் என்ன காட்டுவாள்?

ஆகவே, ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வந்த தொகை, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், உங்கள் பங்கு எவ்வளவு, வாங்கியவர் கையெழுத்து. இவ்வளவு போதும். பங்கைக்கூட முடிந்தால் செல்போனிலேயே அனுப்பிவிடுங்கள்.

விடுதி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிப்ஸ் வாங்க பயிற்சிப் பிள்ளைகளின் சொந்த நம்பரைப் பயன்படுத்தாதீர்கள். விடுதிக்கென்று தனிக் கணக்கு வைத்து, மாதக் கடைசியில் அவரவர் பங்கை எழுத்தில் கொடுங்கள். கேட்டரிங் கல்லூரிகள் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் முன்பே இந்தக் கணக்கை ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.