கத்தாமல் கூண்டுக்குள் படுக்கும் நாய்க்குட்டி... பழக்குவது எப்படி?

‘‘எங்களுக்குப் பொன்னேரி பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் வயல். அப்பா பார்த்துக்கொள்கிறார். நாங்கள் தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து 3 மாத நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தோம். ராத்திரியில் கம்பிக் கூண்டில் அடைத்து மொட்டை மாடியில் வைத்தால், விடிய விடிய கத்துகிறது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். ‘நாயை ஊருக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யுங்கள்’ என்கிறார் வீட்டு உரிமையாளர். பிள்ளைகள் அழுகிறார்கள். கூண்டில் அடைப்பது பாவமா?’’

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இதே சிக்கல் கிராமத்திலும் இருப்பதால், விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அந்தி சாய்ந்தால் கோழி தானாகவே கூடு தேடி வந்து அடைகிறது. யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. அது பழகிய இடம். நாய்க்குட்டியும் அப்படித்தான் கூண்டுக்குள் போக வேண்டும். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்து வளர்ந்த குட்டியை, முதல் ராத்திரியே தனியாக அடைத்துக் கதவைச் சாத்தினால் கத்தத்தான் செய்யும். அது அடம் இல்லை, பயம். கூண்டு வைப்பதில் பாவமில்லை. பழக்காமல் அடைப்பதுதான் தவறு.

முதல் வேலை, கூண்டை மாடியிலிருந்து கீழே கொண்டுவாருங்கள். நீங்கள் படுக்கும் பாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். உங்கள் மூச்சுச் சத்தமும் வாசனையும் இருந்தாலே பாதி அழுகை அடங்கிவிடும்.

எவ்வளவு பெரிய கூண்டு?

நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும். உள்ளேயே திரும்ப வேண்டும். காலை நீட்டிப் படுக்க வேண்டும். குட்டிக்கு இடம் அதிகமாக இருந்தால், ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் படுக்கும். எனவே, வளர்ந்த நாய்க்கு ஏற்ற கூண்டாக வாங்கி, நடுவில் பலகை வைத்துத் தடுத்துவிடுங்கள். குட்டி வளர வளர பலகையை நகர்த்தலாம். அடியில் வெறும் கம்பி இருக்கக் கூடாது, கால் சிக்கிக்கொள்ளும். பலகை போட்டு, மேலே சாக்கும் பழைய பருத்திச் சேலையும் விரியுங்கள். கன்டெய்னர் லாரிச் சத்தம் ஓயாத தெரு என்றால், மூன்று பக்கமும் மெல்லிய துணியால் மூடி, முன்பக்கம் காற்றுக்கு விடுங்கள்.

பழக்கும் முறை

முதல் 3, 4 நாள்கள் கதவைச் சாத்தவே வேண்டாம். காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கயிற்றால் திறந்து கட்டுங்கள். சோற்றுத் தட்டைக் கூண்டு வாசலில் வையுங்கள். அடுத்த வேளை சற்று உள்ளே, பிறகு கடைசி மூலையில். ‘கூட்டுக்குப் போ’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

தயங்காமல் உள்ளே போய்ச் சாப்பிட ஆரம்பித்ததும், சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்துங்கள். முடித்தவுடன் திறந்துவிடுங்கள். பிறகு 5 நிமிடம், 10 நிமிடம், அரை மணி என்று கூட்டுங்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அடுத்த அறைக்குப் போய் வாருங்கள். பெரும்பாலான குட்டிகள் இரண்டு, மூன்று வாரங்களில் பழகிவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் கொடுங்கள். படுக்கும் முன் வெளியே அழைத்துப் போங்கள். 3 மாதக் குட்டியால் அதிகபட்சம் 4 மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். அதனால் நடுராத்திரியில் ஒரு முறை எழுந்தே ஆக வேண்டும். வெளியே விட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் படுக்க வையுங்கள்.

சும்மா முனகினால் சற்றுப் பொறுங்கள். கம்பியைக் கடிப்பது, எச்சில் ஒழுகக் கதறுவது என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

செய்யக் கூடாதவை

* தண்டனையாகக் கூண்டில் அடைக்காதீர்கள். ஒரு முறை பயந்தால் மறுபடி உள்ளே போகாது.

* கழுத்துப்பட்டையோடும் சங்கிலியோடும் அடைக்காதீர்கள். கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகும்.

* வெயில் நேரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வைக்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

* பகல் முழுக்க அடைத்து வைக்காதீர்கள். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்த நாயை நடக்கவிடாமல் இருப்பதும் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கூண்டு எப்போதெல்லாம் கைகொடுக்கும்?

முதலாவது, ஊசி போடும் நாள். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வெறிநோய் கண்டவர்களையும் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், தடுப்பது எளிது. குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. உங்கள் குட்டிக்கு இதுதான் தருணம். கூண்டுக்குப் பழகிய குட்டியை ஆட்டோவில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பக்கத்து மருந்தகத்துக்கோ நிம்மதியாகக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்கள் மூழ்கின. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில், சொன்னதும் கூண்டுக்குள் போகும் நாயைப் படகிலும் ஏற்றலாம். கூண்டோடு தூக்க வழியில்லாவிட்டால், திறந்துவிட்டுக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டியோ அடைத்தோ விட்டுவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது, வயல். மருந்து தெளிக்கும் அன்றும், எலி மருந்து வைத்திருக்கும் நாள்களிலும் காவல் நாய் வரப்பில் சுற்றினால் ஆபத்து. பம்புசெட் கொட்டகை நிழலில் கூண்டு இருந்தால், அந்த நேரத்துக்கு அடைத்து வைக்கலாம். கருத்தடை அறுவை செய்த நாய்க்கு ஓய்வு கொடுக்கவும் உதவும்.

வாசகர்கள் கேட்ட இன்னும் இரண்டு...

‘‘கூண்டு வாங்க வசதியில்லை. என்ன செய்வது?’’

பழைய மரப்பெட்டி போதும். ஆணி முனைகளை அடித்து மழுக்கி, காற்றுக்கு இடைவெளி விட்டு, ஒரு கதவு வையுங்கள். பழக்கும் முறை ஒன்றுதான்.

‘‘4 வயது நாயைப் பழக்க முடியுமா?’’

முடியும், நாள் கூடுதலாகும். பயத்தில் கடிக்கவும் கூடும் என்பதால், கையால் உள்ளே தள்ளாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தண்டையார்பேட்டை சகோதரிக்கு ஒரு வார்த்தை: கீழ்வீட்டுக்காரரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் நேரில் போய், ‘பழக்கிக்கொண்டிருக்கிறோம், மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். கூண்டு இன்று ராத்திரியே மாடியிலிருந்து இறங்கட்டும்.