சுகர் வந்த பெண்ணிடம் கேட்காத கேள்வி

எந்த ஊர் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் ஆண்மைக் குறைவுக்கு வைத்தியம் சொல்லும் நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருக்கும். சுகர் வந்த ஆணுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம் என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த சங்கதி. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் மாத்திரையும் அவருக்கு இருக்கிறது. அதே சுகர் அவர் மனைவிக்கு வந்தால் அவளுக்கும் சிரமம் வரலாம். அதை யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. "வயசாயிடுச்சு, இனி என்ன" என்று தன்னையே தேற்றிக்கொள்கிறாள். டீயைக் குடித்துக்கொண்டே இதை நிதானமாகப் பார்ப்போம்.

ஆசை எழும்போது பெண்ணின் பிறப்புறுப்புக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த ரத்த நாளங்களிலிருந்து கசியும் நீர்தான் உள்சுவரை ஈரமாக்குகிறது. தொடு உணர்வைக் கொண்டுபோவது மெல்லிய நரம்புகள். பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் ஏறிக்கிடக்கும் சர்க்கரை, நாளங்களையும் நரம்புகளையும் சேர்த்தே கெடுக்கும். பாதம் மரத்துப்போவதும் இப்படித்தான். வருஷத்துக்கு ஒருமுறை பாதத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறோம், சரியான அறிவுரை. அதே நோய் அந்தரங்கத்திலும் உணர்வைக் குறைக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1971-இல் ராபர்ட் கொலோட்னி என்ற அமெரிக்க மருத்துவர், சுகர் உள்ள 125 பெண்களையும் இல்லாத 100 பெண்களையும் விசாரித்து எழுதினார். உச்சத்தையே எட்டுவதில்லை என்றவர்கள் முதல் பிரிவில் 35 சதவீதம், இரண்டாம் பிரிவில் 6 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பெண்களைப் பொறுத்தவரை சர்க்கரை அளவைவிட மனச்சோர்வு பல நேரம் பெரிய காரணமாக இருக்கிறது. ஊசி, மாத்திரை, பத்தியம், ஏறிய எடை, வீட்டு வேலை என்று எல்லாவற்றையும் சுமந்து களைத்தவளுக்கு ஆசை எங்கிருந்து வரும்? மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

அடுத்தது அரிப்பு. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு என்று நம் பாட்டிகள் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கத் தொடங்கும். எறும்பை இழுத்த அதே சர்க்கரையில்தான் கேண்டிடா என்ற பூஞ்சையும் செழிக்கிறது. கடும் அரிப்பு, எரிச்சல், பால் திரிந்தாற்போல வெள்ளைப்படுதல் எல்லாம் அதன் அடையாளங்கள். இதை "உடம்புச் சூடு" என்று நினைத்து மோர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது பலருக்கும் எழுதித்தரும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான். அதனால் இவற்றைச் சாப்பிடும் பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று கூடுதலாக வரும். மாத்திரை தரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விடுவது தவறு. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்துகள் அவை. சாதாரணத் தண்ணீரில் வெளிப்புறம் மட்டும் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் நல்லது. டெட்டால், வாசனை சோப்பு எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் நடக்கிறது. சுகருக்குக் கிளிமெபிரைடு சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. அந்த மாத்திரையை உடம்பு கழிப்பதை ஃப்ளூகோனசோல் தடுப்பதால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தப் பூஞ்சையை வைத்து யாருடைய நடத்தையையும் சந்தேகிக்காதீர்கள். இது சர்க்கரையால் வருவது.

நாற்பதுகளின் கடைசியில் மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சி இரட்டிப்பாகும். சேரும்போது வலி, எரிச்சல், சில சமயம் ரத்தக்கசிவு. மாதவிலக்கு நின்றபின் எப்போது ரத்தம் கண்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வறட்சிக்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், சீட்டு வேண்டாம். ஆணுறை பயன்படுத்துபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் லேடக்ஸ் கிழியும். ஜெல் போதாவிட்டால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை டாக்டர் எழுதித்தருவார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது எந்த மனைவியின் கடமையும் இல்லை.

இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர்களுக்கு உறவின்போது சர்க்கரை இறங்கவும் கூடும், அதுவும் உடலுழைப்புதானே. திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் வைத்த குளுக்கோஸைச் சாப்பிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்து, பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே கருத்தரிக்க வேண்டும். அதுவரை காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

ஆசை இல்லாதது உங்களை வருத்தவில்லையென்றால் அது நோயே இல்லை. வருத்தினால்தான் மருத்துவம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள், கணவரோ மாமியாரோ இல்லை.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், சுகர் உள்ள பெண்களிடம் தாம்பத்திய நலம் பற்றி மருத்துவரே கேட்க வேண்டும் என்கிறது. நம்மூர் ஓ.பி.யில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அந்தக் கேள்வி வராது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வாசற்படியில் அந்தப் பெண் கேட்டால் பல பெண்கள் மனம்விட்டுச் சொல்வார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்கு இதில் பயிற்சி தர அரசு முன்வர வேண்டும்.

அதுவரை காத்திருக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில், "சேரும்போது வலிக்கிறது, கீழே அரிப்பும் வறட்சியும் இருக்கிறது" என்று எழுதி, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் சேர்த்து அடுத்த முறை டாக்டரிடம் கொடுங்கள்.