லமினேட் செய்த படங்களில் படிந்த கறையை அகற்றுவது எப்படி?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் கைகளில் ஏந்தும் படங்கள் வெயில், மழை, வியர்வை, மெழுகுதிரிப் புகை என எல்லாவற்றையும் கண்டுவிட்டன. அவற்றில் பல லமினேட் செய்யப்பட்டவை. போட்டோப் பிரதி எடுத்து லமினேட் செய்து கொடுக்கும் கடையொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவரும் அம்மாமார் கேட்பது ஒன்றுதான். "தம்பி, இதைத் துடைச்சுத் தர ஏலுமே?"

சிலவற்றைத் துடைக்கலாம். சிலவற்றைத் தொடவே கூடாது. எது எது என்று தெரிந்துகொள்ள லமினேட் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். படத்தின் இரு பக்கமும் வைக்கப்படுவது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் உட்பக்கத்தில் பசை இருக்கிறது. இயந்திரத்துக்குள் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட, அந்தப் பசை உருகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான். பிறகு உரித்தால் படத்தின் மேற்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். முகமே போய்விடும்.

ஆகவே எதையும் துடைக்க முன்னர் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களில், கையில் இருக்கும் அந்த ஒரு படமே எஞ்சியது. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாண வீட்டுக் குழுப்படத்தில் இருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தது என்று அவை இருக்கின்றன. ஸ்கான் செய்யக் கொடுத்தால் 600 டிபிஐயில் செய்யச் சொல்லுங்கள். சின்னப் படத்தைப் பின்னர் பெரிதாக்க அது தேவை. கைபேசியால் எடுப்பதென்றால் நேரடி வெயில் படாத யன்னலோரத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பிளாஸ்டிக்கில் உங்கள் உருவம் தெரிந்தால் கறுப்புத் துணியொன்றைப் போர்த்திக்கொண்டு எடுத்தால் சரி.

அடுத்தது, கறை மேலேயா உள்ளேயா என்று பார்ப்பது. படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். கறை வெளியே இருந்தால் அந்த இடத்தில் பளபளப்பு அறுபடும். பளபளப்பு குறையாமல் கறை மட்டும் தெரிந்தால் அது உள்ளே.

வெளிக்கறைக்குப் பழைய பருத்தித் துணியும், ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். துணியை நன்றாகப் பிழியுங்கள். நடுவில் இருந்து மெதுவாகத் துடைத்து, ஓரத்துக்கு ஒரு விரல் முன்னே நிறுத்துங்கள். தண்ணீர் உள்ளே போவது ஓரத்தால்தான். பிறகு வெறும் ஈரத்துணி, அதற்குப் பிறகு உலர்ந்த துணி.

மெழுகு சிந்தியிருந்தால் கத்தி வேண்டாம். மெழுகு இறுகியிருக்கும்போது பழைய தொலைபேசி அட்டையின் ஓரத்தால் தள்ளினால் கழன்றுவிடும். செலோடேப் ஒட்டிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவிப் பத்து நிமிடம் விட்டு, சவர்க்காரத் தண்ணீர்த் துணியால் எடுக்கலாம்.

மஞ்சள், குங்குமக் கறைதான் தொல்லை. சாமிப் படங்களோடு வைத்துப் பொட்டு வைக்கும் வீடுகள் உண்டு; பொட்டு வைக்கவே மறுக்கும் அம்மாமாரும் உண்டு, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதால். மஞ்சள் கறையில் சலவைச் சவர்க்காரத்தைத் தேய்த்தால் அது சிவப்பாக மாறும். காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கறையில் மட்டும் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. பெயரும் காணாமல் ஆக்கப்பட்ட திகதியும் மார்க்கரால் எழுதி, பின்னர் கலங்கிப்போன எழுத்துக்கும் இதே முறைதான். ஆனால் முதலில் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஸ்பிரிட் படவே கூடாது. கடைகளில் எடுக்கும் படங்களில் பல மை அச்சு. ஸ்பிரிட் உள்ளே ஊறினால் மை கரைந்து ஓடும்.

விம் பவுடர், பற்பசை, சாம்பல், இரும்பு நார் எதுவும் வேண்டாம். இவை பிளாஸ்டிக்கைக் கீறும். கீறலுக்குள் அடுத்த ஊத்தை போய் இருந்துகொள்ளும். தின்னர், பெற்றோல், கியூடெக்ஸ் ரிமூவர் பட்டால் சிலவகைப் பிளாஸ்டிக் வெளிறும், பசை இளகும்.

உள்ளே போன கறைக்கு வைத்தியம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஓரத்தால் ஈரம் புகுந்து வெண்மையாகப் புகார் போலத் தெரிந்தாலும், கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்தாலும், துடைப்பது முழுவதும் வெளியேதான் நடக்கும். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்; ஈரம் ஆவியாகிக் கொப்புளம் போட்டுவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் நிறுத்தி உலரவிட்டு, உடனே பிரதி எடுங்கள். புள்ளிகளைக் கணினியில் நீக்கலாம். நான் அப்படிச் செய்யும்போது புள்ளி விழுந்த இடத்தை மட்டுமே தொடுவேன். முகத்தை அழகாக்கினால் அது அந்தப் பிள்ளையாக இருக்காது.

புதிதாக லமினேட் செய்யும்போது பிரதியையே செய்யுங்கள், மூலப்படத்தை அல்ல. படத்தைச் சுற்றி 3 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் ஓரம் விடச் சொல்லுங்கள். படத்தோடு ஒட்ட வெட்டினால் முதல் மழையிலேயே தண்ணீர் புகும். பெயர், திகதி எழுதுவதை லமினேட் செய்வதற்கு முன்னர் பிரதியின் பின்பக்கத்தில் எழுதிவிட்டால் அது அழியாது. ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுப்பதும், வீதிக்குக் கொண்டுபோவதும் பிரதியாகவே இருக்கட்டும். மூலப்படம் ஒரு காகித உறைக்குள், சுவரில் சாயாமல், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கலாம். கைபேசியில் எடுத்ததை வெளிநாட்டில் இருக்கும் ஒரு உறவுக்கும் அனுப்பி வையுங்கள்.