போக்கர் (சீட்டாட்டம்)

போக்கர் என்பது 52 சீட்டுகள் கொண்ட கட்டினால் பந்தயம் வைத்து ஆடப்படும் சீட்டாட்டங்களின் பொதுப்பெயர் ஆகும். இது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் பரவியது. ரம்மியில் சீட்டுகளைச் சேர்த்து முடிப்பவரே வெல்வார். போக்கரிலோ ஏனையோர் விலகிவிட்டால், கையில் ஒன்றுமில்லாதவரும் வெல்லலாம்.

ஆட்டமுறை

பரவலாக ஆடப்படும் வகை டெக்சாசு ஓல்டெம் ஆகும். தொடக்கத்தில் இருவர் கட்டாயப் பந்தயம் வைப்பர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் எல்லோருக்கும் பொதுவாக மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து சீட்டுகள் மேசையில் திறக்கப்படும். மறைசீட்டுகள் தரப்பட்டதும் ஒருமுறை, ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் ஒருமுறை என நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு. ஒருவர் பந்தயத்தை உயர்த்தினால் அடுத்தவர் ஈடுகட்டலாம், மேலும் உயர்த்தலாம், அல்லது சீட்டை மூடி விலகலாம். இறுதிவரை நிற்போர் ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைக் காட்டுவர். பழகுவோருக்குக் காசு தேவையில்லை; எண்ணி வைத்த புளியங்கொட்டைகள் போதும்.

கைகளின் மதிப்பு

ஐந்து சீட்டுகள் சேர்ந்தது ஒரு 'கை'. மொத்தம் 25,98,960 கைகள் அமையலாம். எது அரிதோ அதுவே உயர்ந்தது என்பதே விதி. ஒரே வகையில் (எ-கா: இசுபேடு) வரிசையாக அமைவன 40 மட்டுமே. நான்கும் ஒரே எண்ணானவை 624. மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்தவை 3,744. வரிசையின்றி ஒரே வகையானவை 5,108. வகை கலந்த வரிசை 10,200. அடுத்து மூன்று ஒரே எண், இரு இணை, ஒரு இணை என்பன வரும். பாதிக்குச் சற்று மேலான கைகளில் (13,02,540) எதுவும் அமையாது. அவற்றில் பெரிய சீட்டே மதிப்பு.

இந்தியாவில் ஆடப்படும் தீன் பத்தி மூன்று சீட்டு ஆட்டமாகும் (தெருவில் ஏமாற்றப் பயன்படும் 'மூணு சீட்டு' வேறு). அதில் வரிசை ஒரே வகையை வெல்லும். போக்கரில் இது தலைகீழ். மூன்று சீட்டில் வரிசை 720, ஒரே வகை 1,096 என்பதே காரணம்.

தமிழ்நாட்டில் சட்டநிலை

1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் திறன் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. சீட்டு விழுவது வாய்ப்பு, விலகுவதா உயர்த்துவதா என்பது திறன். எனவே போக்கர் எதில் சேரும் என்பது வழக்கானது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்த 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகத்தில் நீக்கியது. பணமிழந்தோரின் தற்கொலைகளைச் சுட்டி, நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்ற நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறன், வாய்ப்பு என்ற வேறுபாடு பாராது, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடைசெய்கிறது.